அத்தைக்கு மீசை முளைத்தால்... ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்?

"விடிஞ்சா கல்யாணம், இன்னும் பூ வந்து சேரலை."

"மழை வந்தா மொட்டை மாடியில பந்தி போட முடியாது."

"அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா!"

ஒரே கல்யாண வீட்டில், ஒரு மணி நேரத்துக்குள் இந்த மூன்றையும் கேட்டுவிடலாம். விடிந்தால், வந்தால், முளைத்தால் என்று மூன்றிலும் வினைச்சொல்லின் வாலில் அதே 'ஆல்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால், விஷயம் ஒன்றா? நாளைக்கு விடியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மழை வரலாம், வராமலும் போகலாம். அத்தைக்கு மீசை முளைக்கப்போவதே இல்லை. தமிழில் இதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியமே நமக்கு வருவதில்லை. கேட்கிறவர் விஷயத்தை வைத்து, குரலை வைத்துப் புரிந்துகொள்வார்.

ஆங்கிலம் அப்படி விடாது. பேசுகிறவர் மனதில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதை வாக்கியத்திலேயே காட்டச் சொல்லும். விடிஞ்சா கல்யாணம் என்பதை 'இஃப்' போட்டுச் சொன்னால், 'ஏன், நாளைக்குச் சூரியன் உதிக்காதா?' என்று ஆங்கிலேயர் பயந்துவிடுவார். அங்கே 'தி வெட்டிங் இஸ் டுமாரோ மார்னிங்' என்று நேராகச் சொல்லிவிட வேண்டியதுதான். மழைக்கு 'இஃப் இட் ரெய்ன்ஸ், வி வில் சர்வ் லன்ச் டவுன்ஸ்டேர்ஸ்.' மீசை அத்தைக்கு 'இஃப் மை ஆன்ட் க்ரூ எ மஸ்டாஷ், ஷி வுட் பி மை அங்கிள்.' 'ரெய்ன்ஸ்' நிகழ்காலம். 'க்ரூ' இறந்தகாலம். அத்தைக்கு நேற்று மீசை முளைத்தது என்று அர்த்தமில்லை. 'இது நடக்காத கதை' என்பதற்கான அடையாளம்தான் அந்த இறந்தகாலம்.

பள்ளி இலக்கணப் புத்தகங்கள் இவற்றை டைப் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு வைத்திருக்கின்றன. பரீட்சைக்கு அது உதவும். பேசும்போது யாரும் நம்பர் பார்த்துப் பேசுவதில்லை. 'இது நடக்கும் என்று நான் நினைக்கிறேனா?' என்ற ஒரு கேள்வியை மனதுக்குள் கேட்டுக்கொண்டால், முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

ஐ.சி.யூ. வாசலில் ஒரு 'இஃப்'

இதெல்லாம் இலக்கண வாத்தியாரின் கவலை என்று நினைத்தால், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

ஐ.சி.யூ. வாசலில் குடும்பமே காத்திருக்கிறது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "கண் முழிச்சா கூப்பிடுறோம், நீங்க சாப்பிட்டுட்டு வாங்க" என்கிறார். நமக்கு அது ஆறுதல். அவர் குரலிலேயே 'முழித்துவிடுவார்' என்பது இருக்கிறது. இதையே வெளிநாட்டிலிருந்து போன் செய்யும் மகனிடம், அல்லது அவனுடைய தமிழ் தெரியாத மனைவியிடம், 'இஃப் ஹி வேக்ஸ் அப், வி வில் கால் யூ' என்று சொன்னால்? கண் முழிப்பதே சந்தேகம் என்றுதான் அவர்கள் காதில் விழும். அடுத்த விமானத்துக்கு டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுவார்கள். சொல்ல வேண்டியது, 'வென் ஹி வேக்ஸ் அப்.' முழிப்பார், அது எப்போது என்பதுதான் தெரியவில்லை என்று பொருள்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறோமே, அந்த 'பிறந்தால்' கூட இந்த 'வென்' ரகம்தான். தை மாதம் பிறக்காமல் எங்கே போகும்? 'அப்பா வந்தா சொல்றேன்' என்று வீட்டில் தினமும் சொல்கிறோம். ஆபீஸிலிருந்து தினமும் வருகிற அப்பாவுக்கு 'வென் அப்பா கம்ஸ்'. வருவாரா, மாட்டாரா என்று தெரியாத அப்பாவுக்குத்தான் 'இஃப்'.

'வில்' எங்கே வரக்கூடாது?

நம்மவர்கள் ஆங்கிலத்தில் அடிக்கடி வருகிற தவறு, 'இஃப் இட் வில் ரெய்ன், ஐ வில் நாட் கம்.' இரண்டு பக்கமும் எதிர்காலம்தானே, இரண்டிலும் 'வில்' போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆங்கிலத்தில் 'இஃப்' பக்கத்தில் 'வில்' வராது. 'இஃப் இட் ரெய்ன்ஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 'வில்' அடுத்த பாதிக்கு.

இதற்குத் தமிழையே துணைக்குக் கூப்பிடலாம். வந்தான் - வந்தால். போனான் - போனால். கொடுத்தான் - கொடுத்தால். படித்தான் - படித்தால். கவனித்தீர்களா? 'ஆல்' ஒட்டுவது எப்போதும் இறந்தகால வடிவத்தோடுதான். நாளைக்கு வரப்போகிறவருக்கும் 'வந்தால்'தான். 'வருவால்' என்று ஒரு சொல்லே நம்மிடம் கிடையாது. 'மழை பெய்தால் வர மாட்டேன்' என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? இரண்டாவது பாதியில் மட்டும். ஆங்கிலத்திலும் அதே இடம்தான். தமிழ்க் காதை நம்பினாலே இந்த 'வில்' தானாக விழுந்துவிடும். நமக்கு ஆங்கில இலக்கணத்தைக் கெடுப்பது தாய்மொழி என்று ஒரு பேச்சு உண்டு. இந்த விஷயத்தில் அது அநியாயமான பழி.

இருமல் மருந்து அட்டையைப் பாருங்கள். 'இஃப் சிம்ப்டம்ஸ் பெர்சிஸ்ட், கன்சல்ட் யுவர் டாக்டர்' என்பது போல ஒரு வரி இருக்கும். அறிகுறிகள் தொடர்வது இனிமேல் நடக்கப்போவதுதான். ஆனாலும் 'வில் பெர்சிஸ்ட்' என்று போடுவதில்லை. 'இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்' என்பது போன்ற எப்போதும் உண்மையான விஷயங்களில் இரண்டு பக்கமும் நிகழ்காலமே போதும். 'வில்' எங்கேயும் வேண்டாம். 'இஃப் யூ வில் வெயிட் எ மினிட்' என்று வரவேற்பறையில் யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். அது 'தயவுசெய்து காத்திருக்கிறீர்களா' என்ற மரியாதை.

போகிற போக்கில் ஒன்று. 'வந்தால்', 'வந்தாள்' இரண்டையும் வாட்ஸ்அப்பில் மாற்றிப் போடுகிறவர்கள் ஆங்கில 'இஃப்' பற்றிக் கவலைப்படும் முன் நம்ம ஊர் 'ல', 'ள'வைச் சரிசெய்துகொள்வது உத்தமம். 'அவள் வந்தால் கல்யாணம்', 'அவள் வந்தாள், கல்யாணம்' - இரண்டும் ஒன்றா என்ன!

முதல் மார்க் வாங்கினால் சைக்கிள்

இப்போது நடக்கக்கூடியதுக்கும் நடக்காததுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கோட்டுக்கு வருவோம். மனம் புண்படுவதும் பணம் போவதும் இங்கேதான்.

ஆங்கில மீடியத்தில் படிக்கும் பிள்ளை வந்து, 'இஃப் ஐ கம் ஃபர்ஸ்ட், வில் யூ பை மீ எ சைக்கிள்?' என்று கேட்கிறது. முதலில் வந்துவிடுவேன் என்ற நம்பிக்கை அந்த 'கம்'மில் இருக்கிறது. அப்பா திருப்பி, 'இஃப் யூ கேம் ஃபர்ஸ்ட், ஐ வுட் பை யூ எ கார்!' என்று சிரித்தால்? 'கேம்', 'வுட்' இரண்டும் சேர்ந்து, 'நீயாவது முதலில் வருவதாவது' என்று சொல்லிவிடுகின்றன. அப்பாவுக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லாமல் இருக்கலாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு அது சுருக்கென்று குத்தும்.

மும்பையில் 1865-ல் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங், 'இஃப்' என்ற பெயரிலேயே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். 1910-ல் வெளியான 'ரிவார்ட்ஸ் அண்ட் ஃபேரீஸ்' புத்தகத்தில் இருக்கிறது. அதன் இரண்டு வரிகளை விம்பிள்டன் சென்டர் கோர்ட்டுக்குள் வீரர்கள் நுழையும் வாசலின் மேலே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு தந்தை மகனுக்குச் சொல்வது போல, 'உன்னால் இது முடிந்தால், அது முடிந்தால்' என்று நிபந்தனைகளை 32 வரிகளுக்கு அடுக்கிக்கொண்டே போகும் கவிதை. பலன் கடைசியில்தான் வரும். அந்த நிபந்தனைகள் எல்லாம் நிகழ்காலத்தில் இருக்கின்றன. 'யூ கேன்' என்கிறார் அப்பா, 'யூ குட்' என்று சொல்லவில்லை. 'குட்' போட்டிருந்தால், அறிவுரை முழுவதும் 'உன்னால் எங்கே முடியப்போகிறது' என்ற பெருமூச்சாக மாறியிருக்கும்.

பண விஷயத்துக்கு வருவோம். வேலைக்கு எடுக்கும் கம்பெனிக்கு நீங்கள் மெயில் எழுதுகிறீர்கள். 'இஃப் யூ ஆஃபர் மீ 40,000, ஐ வில் ஜாயின்' என்று எழுதினால், அது வாக்கு. அவர்கள் 40,000 தருகிறோம் என்று பதில் போட்டபின், 'யோசித்துச் சொல்கிறேன்' என்றால் முகம் சுளிப்பார்கள். 'இஃப் யூ ஆஃபர்ட் மீ 40,000, ஐ வுட் பி ஹேப்பி டு கன்சிடர் இட்' என்று எழுதினால், அது பேச்சு வார்த்தை. இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஏற்கெனவே வேலை செய்யும் இடத்தில், மேலாளருக்கு 'இஃப் ஐ டோன்ட் கெட் எ ப்ரமோஷன், ஐ வில் லீவ்' என்று எழுதினால் அது மிரட்டல் மாதிரியே போய்ச் சேரும். மனக்குறையைச் சொல்லத்தான் உட்கார்ந்தோம், ராஜினாமா கடிதத்தின் முதல் பாதியை எழுதி அனுப்பிவிட்டோம் என்ற நிலைமை.

இன்டர்வியூவில் 'வாட் வுட் யூ டூ இஃப் எ கஸ்டமர் ஷவுட்டட் அட் யூ?' என்று கேட்பார்கள். இன்னும் நடக்காத, கற்பனையான சூழ்நிலை. பதிலையும் 'ஐ வுட்' என்றே தொடங்குங்கள். கேள்வியில் 'வுட்' வந்தால் பதிலிலும் 'வுட்'. 'ஐ வில்' என்று சொன்னாலும் புரியும்தான். ஆனால் ஆங்கிலம் பார்த்து மார்க் போடுகிறவர் அதைத்தான் முதலில் குறித்துக்கொள்வார்.

இந்த வகையில் 'வாஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'வேர்' வரும். 'இஃப் ஐ வேர் யூ' - உங்கள் இடத்தில் நான் இருந்தால். நான் நீங்களாக ஆக முடியாது என்பதால், 'ஐ'க்குப் பக்கத்தில் விசித்திரமாக ஒரு 'வேர்'. பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்று சொல்கிற ஆங்கிலேயர்களும் நிறைய. பரீட்சையிலும் எழுத்திலும் 'வேர்' போட்டுவிடுங்கள், வம்பில்லை.

கற்பனைக்கு மட்டுமல்லாமல் பணிவுக்கும் இந்த இறந்தகாலம் உதவும். 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்ட் தி விண்டோ?' என்றால், ஜன்னலைத் திறக்கப்போவது இனிமேல்தான். நம்ம ஊரிலும் 'ஒரு டீ கிடைச்சா நல்லாருக்கும்', 'கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தா சௌகரியமா இருக்கும்' என்று 'ஆல்' போட்டுத்தானே இதமாகக் கேட்கிறோம்? அதே குணம்தான்.

நடந்து முடிந்தது

மூன்றாவது வகை என்றாலே மாணவர்களுக்கு நடுக்கம். 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்' - ஹேட், வுட், ஹேவ் என்று ரயில் பெட்டி மாதிரி நீள்கிறதே என்று. என் கணக்கில் தமிழருக்கு மூன்றிலும் சுலபமானது இதுதான். 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். தெரிந்து, இருந்தால். வந்து, இருப்பேன். நமக்கு இரண்டு பக்கமும் ஓர் 'இரு' வருகிறது. அவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரு 'ஹேவ்' வருகிறது; முதல் பாதியில் 'ஹேட்' என்ற வேஷத்தில், இரண்டாவது பாதியில் 'வுட் ஹேவ்' என்ற வேஷத்தில். 'இருந்தால்' வருகிற இடத்தில் 'ஹேட்', 'இருப்பேன்' வருகிற இடத்தில் 'வுட் ஹேவ்'. அவ்வளவுதான்.

'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' என்று அமெரிக்கர்கள் பேசுவதைத் தொடர்களில் கேட்டிருப்பீர்கள். பேச்சில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பரீட்சைத் தாளில் எழுதினால் மார்க் போகும். வேகமாகப் பேசும்போது 'இஃப் ஐ'ட் நோன், ஐ'ட் ஹேவ் கம்' என்று இரண்டு இடத்திலும் ஒரே 'ட்'தான் காதில் விழும். முதல் 'ட்' என்பது 'ஹேட்', இரண்டாவது 'ட்' என்பது 'வுட்'. சப்டைட்டில் இல்லாமல் படம் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய உதவி.

காரணம் அன்றைக்கு, விளைவு இன்றைக்கு என்றால் இரண்டையும் கலக்கலாம். 'இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பி இன் டெல்லி நவ்.' அன்றைக்கு அந்த வேலையை ஏற்றிருந்தால் இன்றைக்கு டெல்லியில் இருப்பேன். இதை எந்த நம்பரில் சேர்ப்பது என்று புத்தகத்தைப் புரட்ட வேண்டாம்.

இந்த மூன்றாவது வகைக்கு ஒரு குணம் உண்டு. நடக்காமல் போனதை அது அழுத்தமாகச் சொல்லும். ஆகவே துக்க வீட்டில் இதைக் கவனமாக எடுக்க வேண்டும். 'இஃப் யூ ஹேட் டேக்கன் ஹிம் எர்லியர், ஹி வுட் ஹேவ் லிவ்ட்' என்ற வாக்கியத்தில், நீங்கள் அழைத்துப்போகவில்லை, அதனால்தான் அவர் இல்லை என்ற இரண்டு தீர்ப்புகள் மடிந்து கிடக்கின்றன. தமிழில் 'கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டுப் போயிருந்தா...' என்று பாதியில் விட்டுக் கையைப் பிடித்துக்கொண்டால், அது ஆதங்கமாகவும் போய்ச் சேரலாம். ஆங்கிலத்தில் இரங்கல் செய்தி அனுப்பும்போது, 'ஐ விஷ் ஐ ஹேட் பீன் தேர் வித் யூ' என்று 'நான்' பக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். உங்களோடு நான் இருந்திருக்கக்கூடாதா என்ற ஏக்கம் மட்டும் போய்ச் சேரும், பழி போகாது.

'ரெய்ன் மீன்ஸ் ஐ வோன்ட் கம்'

சென்னை ஆங்கிலத்தின் செல்லப்பிள்ளை இந்த 'மீன்ஸ்'. 'யூ கம் மீன்ஸ், ஐ ஆல்சோ வில் கம்.' கேலி செய்கிறார்கள். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுவாரசியம். 'அன்பு என்றால் என்ன?' என்பதிலும் 'என்றால்' இருக்கிறது, 'நீ வருகிறாய் என்றால் நானும் வருகிறேன்' என்பதிலும் 'என்றால்' இருக்கிறது. முதலாவதுக்கு ஆங்கிலத்தில் 'மீன்ஸ்', இரண்டாவதுக்கு 'இஃப்'. இரண்டுக்கும் சேர்த்து 'மீன்ஸ்' போட்டதுதான் கதை. நண்பர்களுக்குள் இருக்கட்டும், அழகாகவே இருக்கிறது. மெயிலில் மட்டும் வேண்டாம்.

'ஆலும்' என்பதும் இப்படி இரட்டை வேலை பார்க்கும். 'அவர் பணக்காரராக இருந்தாலும் எளிமையானவர்' - அவர் பணக்காரர்தான், அது உண்மை. இதற்கு 'ஆல்தோ ஹி இஸ் ரிச்'. 'மாப்பிள்ளை பணக்காரராக இருந்தாலும் எனக்கு வேண்டாம்' - பணக்காரரா என்று இன்னும் தெரியாது. இதற்கு 'ஈவன் இஃப் ஹி இஸ் ரிச்'. வரன் பார்க்கும் நேரத்தில் இரண்டையும் மாற்றிச் சொன்னால் மாப்பிள்ளையின் சொத்துக் கணக்கே மாறிப்போகும்.

'இன் கேஸ்' இன்னொரு வழுக்குப்பாறை. 'டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்' என்றால், மழை வரலாம், எதற்கும் இப்போதே குடையை எடுத்துக்கொள். 'இஃப் இட் ரெய்ன்ஸ், டேக் அன் அம்ப்ரெல்லா' என்றால், மழை வந்தால்தான் குடை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போது வேண்டியது முதலாவது. ஆனால் லிஃப்ட் பக்கத்தில் 'இன் கேஸ் ஆஃப் ஃபயர்' என்று எழுதியிருப்பது, தீப்பிடித்தால் என்றே பொருள். கூடவே 'ஆஃப்' வந்தால் அது 'இஃப்'பின் வேலையைச் செய்கிறது.

'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே ஓர் 'இல்லை' இருக்கிறது. 'நீ வராவிட்டால்' என்பதற்கு 'அன்லெஸ் யூ கம்' போதும். 'அன்லெஸ் யூ டோன்ட் கம்' என்றால் வராதே என்று சொன்ன மாதிரி.

தனியாக நிற்கும் 'இஃப்'

மாவீரன் அலெக்சாண்டரின் அப்பா, மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப். 'உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் உங்களை இல்லாமல் செய்துவிடுவேன்' என்கிற மாதிரி ஸ்பார்ட்டாக்காரர்களுக்கு எழுதி அனுப்பினார். அவர்கள் அனுப்பிய பதில் ஒரே சொல். ஆங்கிலத்தில் சொன்னால், 'இஃப்.' புளூட்டார்க் எழுதிவைத்துவிட்டுப் போன கதை இது. இந்தப் பதிலைத் தமிழில் அப்படியே அனுப்ப முடியாது. நம் 'ஆல்' தனியாக நிற்காது, ஏதாவது ஒரு வினையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். நாமாக இருந்தால், 'நுழைந்தால்தானே!' என்று அனுப்பியிருப்போம். அதிலும் காரத்துக்குக் குறைவில்லை.

ஆங்கிலத்திலும் 'இஃப்' காணாமல் போகும் இடம் ஒன்று உண்டு. பேங்க்கும் கம்பெனிகளும் அனுப்பும் கடிதங்களில் தினமும் வருகிறது. 'ஷுட் யூ ஹேவ் எனி கொய்ரீஸ், ப்ளீஸ் கான்டாக்ட் அஸ்.' இதில் 'ஷுட்' என்பதைப் பார்த்து, 'நாம் கட்டாயம் தொடர்புகொள்ள வேண்டுமாம்' என்று பதறிப் போகிறவர்கள் உண்டு. கேள்விக்குறியைக் காணோமே என்று தேடுகிறவர்களும் உண்டு. இது கட்டளையும் இல்லை, கேள்வியும் இல்லை. 'இஃப்'பை எடுத்துவிட்டு 'ஷுட்'டை முன்னால் தூக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்பதுதான் சேதி. 'ஹேட் ஐ நோன்' என்று தொடங்கினாலும் அதே கதைதான், 'தெரிந்திருந்தால்' என்று படித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. அதே கடிதத்தில் 'யூ ஷுட்' என்று வரிசை மாறி வந்தால், அது சந்தேகம் இருந்தால் மட்டும் செய்கிற வேலை இல்லை. 'யூ ஷுட் சப்மிட் தி டாக்குமென்ட்ஸ்' என்றிருந்தால், ஆதார், பான் கார்டு நகல்களை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.